வாசல்வரை வழிக்கல்

வரைபடத்தின் மூலையில் வைத்த கல் மூலையில் இல்லை.

காலையில் ஓர்சு கிளம்பிப் போன கையோடு லிசாந்திரா அடுப்படி மேசையில் வரைபடத்தை விரித்து, சுருண்டு சுருண்டு எழும்பிய நான்கு மூலைகளையும் உப்புச்சாடி, காப்பிக் கெண்டி, கத்தரிக்கோல், அந்தக் கல் என்று நான்கு சாமான்களை வைத்து அமுக்கியிருந்தாள். மற்ற மூன்றும் வைத்த இடத்திலேயே இருக்க, கல் மட்டும் உள்ளே தள்ளி, மேலே கணவாய்க்குப் பக்கத்தில், அவள் சிவப்புப் பென்சிலால் இழுத்திருந்த கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் தட்டையான சாம்பல் நிறக் கல். குறுக்கே வெள்ளையாக ஒரு ரேகை. அது இருந்த மூலை சுருண்டு நின்றது.

"பூனைச் சனியன்," என்று முணுமுணுத்துவிட்டுக் கல்லை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

அன்றைக்கு அவளுக்கு எதைத் தொட்டாலும் எரிச்சல். பின்னே, இருக்காதா? இந்தப் புது வழியை இரண்டு வருஷமாக அவள் ஒருத்திதான் யோசித்து யோசித்து வரைந்தாள். எல்லோரும் போகிற பெரிய பாதையில் கோடைக்காலம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். வரிசையில் நின்றுதான் மலையேற வேண்டும். அதை விட்டு விலகி, மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கணவாய் ஏறி, பெரணிச் சரிவில் இறங்கி, கஷ்கொட்டைத் தோப்பு வழியாக நேரே தன் வீட்டு விடுதி வாசலில் வந்து முடிகிற மாதிரி ஒரு வழி. எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே மூச்சு வாங்க உட்காரலாம், எல்லாம் அவள் காலால் அளந்தது. இந்தப் பருவத்தின் முதல் குழு இன்றைக்கு அதில் வருகிறது. அவளோ முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெங்காயச் சூப்பு கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

குழுவை அழைத்து வருவது ஓர்சு. நல்ல மனுஷன், நல்ல புருஷன், விடுதிச் சமையலில் அவனை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் வரைபடத்தைக் காட்டினால் கழுதைக்குக் கற்பூரம் காட்டின கதைதான். காளான் பறிக்கவும் பன்றி சுடவும் மலைக்குப் போனவனே தவிர, எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனவன் இல்லை. "நீ ஒண்ணும் யோசிக்க வேணாம்," என்று நேற்று அவனிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். "வழிக்கல்லைப் பாத்துக்கிட்டே வா. ஒரு கல்லுகிட்ட நின்னா அடுத்த கல்லு தெரியும். கணவாய்க்குக் கீழ பெரிய கல்லு, இடுப்பளவு. அதுல இடது கைப்பக்கம் திரும்பணும். நேரா போனா பள்ளம். இதையாவது ஞாபகம் வெச்சுக்க."

"இடது கை. கரண்டி புடிக்காத கை," என்றான் அவன். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேசைமேல் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"லிசா, கேக்குதா?"

"கேக்குது. எங்க இருக்க?"

"மேல."

"மலையில மேலன்னா எங்கடா மேல? மரம் இருக்கா, பாறை இருக்கா, என்ன தெரியுது?"

"கணவாய்ல ஏறி நிக்கிறோம். பாலாடைக்கட்டியும் ரொட்டியும் குடுத்தேன். ஒரு அம்மா மட்டும் உப்பு ஜாஸ்தின்னு சொல்லுச்சு." கொஞ்ச நேரம் வெறும் காற்றுச் சத்தம். "கடல் பக்கத்துலேருந்து மூட்டம் ஏறுது, லிசா."

அவள் ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தாள். காலையில் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்த முகடு இல்லை. அது இருந்த இடத்தில் நனைந்த கம்பளி தொங்குவதுபோல ஒரு வெண்மை.

"உக்காராத. இப்பவே இறங்கு. கல்லை விட்டு விலகாத," என்றாள்.

வழி தெரிய ஆங்காங்கே கல்லை அடுக்கி நிறுத்துகிற இந்த வழிக்கல் அவளுக்கு விளையாட்டு இல்லை. மூட்டத்தில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். அதனால்தான் கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து இந்தத் தீவுக்கு வருகிறவர்கள்மேல் அத்தனை கோபம். சில வருஷங்களாக அவர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கோபுரம் கட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்து வருகிறவன் அதை வழிக்கல் என்று நம்பிப் போய்ப் பாறை விளிம்பில் நிற்கிறான். வழிகாட்டிகள் எல்லோரும் பார்த்த இடத்தில் அதை உதைத்துத் தள்ளுவார்கள். லிசாந்திரா கொஞ்சம் அதிகமாகவே உதைப்பாள்.

போன மாதம் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் அப்படி ஒரு கூட்டமே நின்றது. பெரிசும் சின்னதுமாகக் கோபுரங்கள். ஒன்றின் உச்சியில் யாரோ மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்றுவிடாமல் தகர்த்தாள். அடியில் கிடந்த பழைய குவியலையும் சேர்த்துத்தான். தகர்த்த பிறகு, இத்தனை நல்ல தட்டைக் கற்களை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றியது. பெரணிச் சரிவிலும் தோப்பிலும் கல்லுக்குப் பஞ்சம். கோவேறு கழுதையின் கூடைகளில் ஏற்றி இறக்கி, நாலைந்து நடையில் வழி முழுக்க நட்டுவிட்டாள். கடைசி வழிக்கல் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ரேகை போட்ட கல் அழகாக இருந்ததால் அதை மட்டும் வரைபடத்துக்கு வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்சம் கிடந்த ஒரே ஒரு கல்லை உதைக்கப் போனபோதுதான் வழுக்கி விழுந்து முழங்கால் போனது.

"வீட்ல ஆள் இருக்கா, இல்ல முழங்கால் மட்டும்தானா?"

வாசலில் ஃபியுரெல்லா. கீழ்த்தெருவில் ஆடு வளர்க்கிறவள். இருவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். கையில் துணி சுற்றிய பாலாடைக்கட்டிக் கூடை.

"முழங்காலும் இருக்கு, கோபமும் இருக்கு. எது வேணும்?"

"ரெண்டையும் நீயே வெச்சுக்கடி." ஃபியுரெல்லா கூடையை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் கையைக் காட்டிச் சூடேற்றினாள். "உன் புது வழியால எனக்குத்தான் தலைவலி. என் ஆடு ஒண்ணுகூட அதைத் தாண்ட மாட்டேங்குது. தோப்போரமா வந்து நின்னு கத்துது. அடிச்சாலும் நகரல."

"ஆட்டுக்கு என்னடி தெரியும்?"

"உன்னைவிட ஜாஸ்தி தெரியும். உன்னை மாதிரி படம் வரைஞ்சுக்கிட்டுத் திரியல." சிரித்துக்கொண்டே மேசையைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "இந்தக் கல்லு ஏது?"

கல் மறுபடி சிவப்புக் கோட்டின்மேல் இருந்தது. கணவாயைத் தாண்டி, இந்தப் பக்கம்.

"அந்தப் பக்கத்து மேட்டுலேருந்து. பெருநிலத்துக்காரங்க அடுக்கி வெச்சிருந்தது."

"அவங்க அடுக்குக்கு அடியில பழைய குவியல் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஏன்?"

"கல்லுக்கு நடுவுல சுள்ளி சொருகியிருந்துச்சா?"

சுள்ளி இருந்தது. காய்ந்துபோன புதர்ச்சுள்ளிகள், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே, வருஷக்கணக்கில் வெளிறி. கையில் குத்தியது. பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது நினைவு வந்தது. தீவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். வழியில் ஒருத்தன் அடிபட்டுச் செத்தால், செத்த இடத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கல்லோ ஒரு சுள்ளியோ வைத்து, 'அமைதியாக இரு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். செத்தவன் குவியல். அதிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். அவளுக்கும் தெரியும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

"அது எந்தக் காலத்துல செத்தவனோ," என்றாள்.

"என் வீட்டுக்காரர் அந்தப் பள்ளத்தாக்குதானே. அவங்க வீட்ல சொல்லுவாங்க. மூட்டத்துல இந்தப் பக்கம் நடந்து வந்துக்கிட்டிருந்தானாம். நம்ம ஊர்க்காரன் எவனோ கணவாய்ல காத்திருந்து சுட்டுட்டான். யார் வீட்டுக்கு வந்தான், எதுக்கு வந்தான், ஒண்ணும் தெரியாது. வந்து சேரல. அவ்வளவுதான்." ஃபியுரெல்லா கல்லைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "மிச்சக் கல்லையெல்லாம் என்ன பண்ண?"

"வழி போட்டேன்."

"எதுவரைக்கும்?"

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

"ஓர்சு வந்ததும் எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுடு," என்றாள் ஃபியுரெல்லா. அதற்குமேல் கிண்டல் எதுவும் அவளிடம் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள், வாசலில் நின்ற வழிக்கல்லைத் தாண்டும்போது குனிந்து தரையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி அதன்மேல் வைத்தாள். உதடு அசைந்தது.

"ஏய், என்ன பண்ற?"

"என்ன பண்ணேன்?" என்று திரும்பினாள் ஃபியுரெல்லா. பிறகு மண் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டு, வேகமாக இறங்கிப் போய்விட்டாள்.

மூட்டம் பிற்பகலில் ஊருக்குள் இறங்கியது. முதலில் தேவாலயக் கோபுரம் போனது, பிறகு எதிர்வீட்டு அத்திமரம், பிறகு எதிர்வீடே. எந்நேரமும் கேட்கிற தெருக்குழாய்ச் சத்தம்கூடத் தொலைவுக்குப் போய், யாரோ பஞ்சைப் போட்டு அமுக்கினாற்போல் மங்கி, ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. அடுப்பில் கஷ்கொட்டை விறகு வெடித்தது. சூப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருப்பதாக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, நனைந்த ஆட்டுத்தோலும் மண்ணும் கலந்த மாதிரி. ஃபியுரெல்லா விட்டுப் போனதாக்கும் என்று நினைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாள், வாசனை கூடியது, மூடினாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"லிசா, உன் கல்லு ஒண்ணையும் காணோம்."

"கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாரு. கணவாய்க்குக் கீழ பெரிய கல்லு. இடுப்பளவு."

"இடுப்பளவும் இல்ல, கணுக்காலளவும் இல்ல. கல்லு இருந்த தடம் இருக்கு. வட்டமா, புல்லு வெளுத்து. கல்லு இல்ல."

அந்தத் திருப்பத்தில் நேராகப் பத்து எட்டு வைத்தால் பள்ளம். எட்டுப் பேர். ஓர்சு.

"நகராத. அங்கயே எல்லாரும் உக்காருங்க. மூட்டம் விலகுற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. புரியுதா?"

"நிக்க வேணாம், லிசா. முன்னால ஒருத்தர் போறாரு."

"யாரு?"

"தெரியல. ஆட்டுத்தோல் அங்கி போட்டவரு. வயசானவரு மாதிரி நடை. உன் கல்லைத்தான் ஒண்ணொண்ணா பொறுக்கி மூட்டையில போட்டுக்கிட்டே போறாரு. நீ வரச் சொன்ன ஆளோன்னு நெனச்சேன்."

"நான் யாரையும் வரச் சொல்லல. ஓர்சு, அந்த ஆள் பின்னால போகாத. கேக்குதா? போகாத."

"என்னது? விட்டு விட்டுக் கேக்குது."

"போகாதன்னு சொல்றேன்!"

"லிசா? கேக்கல. சரி, அவர் இடது பக்கம்தான் திரும்புறாரு. நாங்க பின்னாலயே வரோம்."

அவள் பேசும் பொத்தானை அமுக்கினாள். அது உள்ளே போய், வெளியே வராமல் அப்படியே நின்றுவிட்டது. கத்தரிக்கோல் நுனியால் நெம்பினாள். மேசையில் தட்டினாள். இன்னொரு பெட்டி வாங்கு, இன்னொரு பெட்டி வாங்கு என்று இந்த மனுஷனிடம் எத்தனை மாதமாகச் சொல்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் சொன்னதைக் கேட்டிருந்தால். நெம்பியதில் பொத்தான் உடைந்து உருண்டு எங்கோ போயிற்று. அதன்பின் அந்தப் பெட்டிக்குக் காது மட்டும்தான், வாய் இல்லை.

கைப்பேசியை எடுத்து ஓர்சுவைக் கூப்பிட்டாள். மலைமேல் எப்போதும் போல எடுக்கவில்லை. ஃபியுரெல்லாவைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மீட்புப் படையைக் கூப்பிட்டாள். மூட்டத்தில் ஹெலிகாப்டர் ஏறாது, வழி எங்கே என்று சொல்லுங்கள், கால்நடையாக ஆளனுப்புகிறோம் என்றான் ஒருவன். அது புது வழி, எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான்தான் போட்டேன் என்றாள். "நீங்க போட்ட வழின்னா உங்களுக்குத்தானே தெரியும், மேடம்," என்றான் அவன். அதற்குள் அந்த இணைப்பும் போய்விட்டது.

மேசையைப் பார்த்தாள்.

கல் பெரணிச் சரிவின் நடுவில் இருந்தது. கோட்டின்மேல் சரியாக. அது வந்த தடத்தில் தாள் நனைந்து, சிவப்புப் பென்சில் லேசாகக் கலைந்திருந்தது.

பின்பக்கக் கதவில் பிறாண்டல். திறந்தாள். பூனை. காது முதல் வால் வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. காலையிலிருந்தே வெளியில்தான் இருந்திருக்கிறது. உள்ளே ஒரு கால் வைத்தது. மேசையைப் பார்த்தது. வைத்த காலை எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குள் போய்விட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு நொண்டிக்கொண்டு போனாள். படியோரம் அந்தக் கடைசி வழிக்கல், ஃபியுரெல்லா வைத்த கல்லைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது. ஊன்றுகோலால் ஓங்கி அடித்தாள். சரிந்தது. ஒவ்வொரு கல்லாகத் தெருவில் உருட்டித் தள்ளினாள். முழங்கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும். எந்தப் பக்கம் வாசல் என்று எவனுக்கும் தெரியக் கூடாது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பப் பார்த்தாள். அந்தக் கதவை யாரும் பூட்டியதே இல்லை. மலையிலிருந்து வருகிறவனுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பது வழக்கம். சாவி துருப்பிடித்துப் போய்ப் பூட்டோடு பூட்டாக இருந்தது. திரும்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்தாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஓர்சு சிரித்துக்கொண்டிருந்தான்.

"லிசா, தோப்புக்கு வந்துட்டோம். எட்டுப் பேரும் பத்திரம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்திரம். எட்டுப் பேரும் பத்திரம். தெய்வமே.

"அந்தப் பெரியவரு மட்டும் இல்லன்னா இந்நேரம் பள்ளத்துல கெடந்திருப்போம். பாவம், மூட்டை கனம் தாங்கலன்னாரு. ஆளுக்கொரு கல்லு வாங்கிக்கிட்டோம். கீழ ஒரு குவியல் வரும், அதுல வெச்சுட்டுப் போங்கன்னாரு. இதுகூடச் செய்யலன்னா நாம என்ன மனுசங்க?"

"தூக்கிப் போடு," என்றாள் அவள் உடைந்த பெட்டியிடம். "தூக்கிப் போடு, ஓர்சு."

"சூப்பைச் சூடு பண்ணு. அவரு முன்னாலயே போயிட்டாரு. அவருக்கும் ஒரு தட்டு ஊத்து. கதவு தெறந்துதான் இருக்கும், யோசிக்காம உள்ள போய் உக்காருங்கன்னு சொல்லியிருக்கேன்."

வரைபடத்தில் ஊரின் வீடுகள் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். கோடு முடிகிற சதுரம் அவளுடையது. கல் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காத்திருந்தாள். விறகு வெடித்தது. சூப்பு கொதித்து அடங்கியது. ஆட்டுத்தோல் வாசனை.

பிறகு காலடிகள். நிஜமான பூட்ஸ் சத்தம், தடிகள் கல்லில் தட்டுகிற சத்தம், மூச்சிரைப்பு, யாரோ இருமுவது. ஓர்சு ஏதோ சொல்ல, ஒரு பெண் சிரித்தாள். லிசாந்திரா எழுந்தாள். நாற்காலியை விலக்க மறந்து கதவை இழுத்தாள். "ஓர்சு!" என்றாள். முட்டுக்கொடுத்த நாற்காலி அசையவில்லை. இழுத்தாள். ஆணி அடித்தாற்போல் நின்றது.

வெளியே பேச்சு நின்றது. வாசலுக்கு நேரே நின்றுவிட்டார்கள்.

க்ளக்.

கல்மேல் கல் வைக்கிற சத்தம்.

"அமைதியாக இரு," என்றது ஒரு குரல். உப்பு ஜாஸ்தி என்று சொன்ன அம்மாவாக இருக்கலாம். பெருநிலத்துக்காரி. தீவு மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவள். சுத்தமாக, பழைய உச்சரிப்பில் சொன்னாள்.

க்ளக். "அமைதியாக இரு."

க்ளக்.

"ஓர்சு, நான் உள்ள இருக்கேன். ஓர்சு!" கதவை இரண்டு கையாலும் அடித்தாள். பக்கத்து ஜன்னலுக்கு நொண்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூட்டத்தில் உருவங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. படியோரம் அவள் சரித்த இடத்தில் குவியல் எழுந்திருந்தது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். அவர்கள் கொண்டுவந்த கற்கள் அத்தனை இல்லை.

கடைசியாக ஓர்சு வந்தான். தொப்பியைக் கழற்றினான். வழுக்கைத் தலையில் ஈரம் மின்னியது. கல்லை வைத்தான். முன்பின் தெரியாத ஒருத்தனுக்குச் சொல்கிற குரலில் சொன்னான்.

"யாரா இருந்தாலும் சரி. அமைதியா இரு."

அவள் கண்ணாடியை அடித்தாள். கைக்கட்டைவிரல் கிழிந்து ரத்தம் வந்தது. அவன் நிமிர்ந்தான். நேராக அவளைப் பார்த்தான். பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. பாறையில் படுகிற மாதிரிப் பட்டு, நகர்ந்து போயிற்று. தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"வாங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான். வீட்டுக்குப் போனா சூடா சூப்பு இருக்கு," என்றான்.

பூட்ஸ் சத்தம் வீட்டைத் தாண்டிப் போனது. தெருவில் இறங்கியது. தேய்ந்தது.

ஜன்னலில் குவியல் உயர்ந்துகொண்டிருந்தது. வெளியே யாரும் இல்லை. க்ளக். கீழ்க்கண்ணாடி இருண்டது. க்ளக். மேல்கண்ணாடி. அடுப்பு வெளிச்சம் மட்டும் மிச்சம்.

அவள் மேசையோர நாற்காலியில் விழுந்தாள். முழங்கால் இனி தாங்காது.

மேசையில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"லிசா, கேக்குதா? ஒரு செத்தவன் குவியல் வந்துச்சு. கல்லை வெச்சுட்டு வந்துட்டோம். அதுக்கப்புறம் உன் வழிக்கல் எதுவும் இல்ல. வீட்டைக் காணோம், லிசா." காற்று. "நம்ம தெரு மாதிரிதான் இருக்கு. வீட்டைத்தான் காணோம்."

அவள் பெட்டியை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். பொத்தான் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

"ஏதாச்சும் சொல்லு. எந்தப் பக்கம் திரும்பணும்?"

வரைபடத்தின் நாலாவது மூலை மேலும் சுருண்டது. கறுப்புச் சதுரத்தின்மேல் கல் இல்லை. நனைந்த வட்டம் மட்டும் இருந்தது.

நாற்காலிக்குப் பின்னால் ஆட்டுத்தோலிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில். பிறகு அவள் தோளில்.

"லிசா?"

ஒரு கை தோளைத் தாண்டி வந்தது. மண் அப்பிய கை. வெள்ளை ரேகை போட்ட கல்லை அவள் மடியில் வைத்தது. மெதுவாக. குவியலில் வைக்கிற மாதிரி, சரியாதபடி பார்த்து.